யாரும் படிக்காத ஒரு நோட்டு: நாட்குறிப்பு எழுதத் தொடங்கும் பெண்களுக்கு

டைரி எழுத நான் ஐந்து முறை ஆரம்பித்தேன். நான்கு முறை பாதியில் நின்றது. முதல் நோட்டு பதினாறு நாள்தான் ஓடியது. இரண்டாவது நோட்டை வீட்டில் ஒருவர் எடுத்துப் படித்துவிட்டார். அதற்கப்புறமும் எழுதினேன், ஆனால் அவர் படிப்பார் என்று தெரிந்தே எழுதினேன்; எல்லாம் பொய். மூன்றாவதில் புலம்பல் மட்டுமே இருந்தது. எழுதி முடித்தால் முன்பைவிட மனசு கனத்தது. நான்காவது வெறும் வருகைப் பதிவேடு: எழுந்தேன், வேலைக்குப் போனேன், தூங்கினேன். ஐந்தாவது நோட்டுதான் எனக்கு என்னைக் கொஞ்சம் காட்டியது. இதற்கெல்லாம் எட்டு வருடம் ஆயிற்று. யாராவது முன்பே சொல்லியிருந்தால் சில மாதங்களில் முடிந்திருக்கும் என்று தோன்றுவதால் இதை எழுதுகிறேன்.

1. நோட்டு வாங்கும் முன், அதை வைக்க ஓர் இடம்

எல்லோரும் நோட்டிலிருந்து ஆரம்பிப்பார்கள். நீங்கள் பூட்டிலிருந்து ஆரம்பியுங்கள். “இதை அவர் படித்தால் என்ன ஆகும்?” என்ற எண்ணம் ஒரே ஒருமுறை வந்தால் போதும், கை தானாகவே சொல்லை மாற்றிவிடும். “வெறுப்பாக இருந்தது” என்று எழுத வந்தவள் “கொஞ்சம் வருத்தமாக இருந்தது” என்று எழுதுவாள். அப்படி எழுதிய நோட்டைப் பிறகு எத்தனை முறை படித்தாலும் அதில் நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

பல பெண்களுக்கு வீடு முழுக்கப் புழங்க இடம் இருக்கும், பூட்டிக்கொள்ள ஓர் இழுப்பறை இருக்காது. வேலைக்குப் போகிறவர் என்றால் அங்கே பூட்டுள்ள மேசை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கணக்கு நோட்டு போலத் தோன்றும் நோட்டை எடுத்து, முதல் நான்கு பக்கம் உண்மையிலேயே கணக்கு எழுதுங்கள். நான் இரண்டு வருடம் அப்படித்தான் வைத்திருந்தேன். எதுவுமே சரிப்படாத வீட்டில் தனித்தாளில் எழுதுங்கள். முடித்ததும் அதிலிருந்து ஒரே ஒரு வரியை மட்டும் வேறெங்காவது குறித்துக்கொண்டு தாளைக் கிழித்துவிடலாம். ஒரு வருடத்து வரிகளைச் சேர்த்துப் பார்த்தாலே நிறையத் தெரியும்.

செல்போன் பத்திரம் என்று நினைப்பவர்கள் நான்கு விஷயங்களைச் சரிபாருங்கள். உங்கள் போனில் வேறு யாருடைய விரல்ரேகையாவது பதிந்திருக்கிறதா? நீங்கள் எழுதும் குறிப்பு எந்தக் கணக்கில் பேக்கப் ஆகிறது? அதே கணக்கு வீட்டிலுள்ள வேறு டேப்லெட்டிலோ கம்ப்யூட்டரிலோ திறந்திருக்கிறதா? திறந்திருந்தால் உங்கள் குறிப்பு அங்கேயும் தெரியலாம். கடைசியாகக் கீபோர்டு: நீங்கள் அடிக்கடி தட்டும் பெயர்களையும் சொற்களையும் அது கற்றுக்கொண்டு, அடுத்தவர் தட்டும்போது பரிந்துரையில் காட்டும். அமைப்புகளுக்குப் போய்க் கற்ற சொற்களை அழித்துவிட்டு, சொல் பரிந்துரையையும் நிறுத்திவையுங்கள்.

வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால் இந்தக் கட்டுரையின் மற்ற படிகளை அப்படியே பின்பற்ற வேண்டாம். நடந்த சம்பவங்களைத் தேதி, நேரத்தோடு தனியாகக் குறித்து, வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். மனசில் உள்ளதைக் கொட்டும் நோட்டும் அதுவும் ஒன்றாக இருக்கக்கூடாது. குடும்ப வழக்குகளில் நாட்குறிப்புகளும் ஆதாரமாகக் கேட்கப்படலாம். எதை எங்கே எழுதுவது என்று முதலில் ஒரு வழக்கறிஞரிடமோ பெண்கள் உதவி எண்ணிலோ கேளுங்கள்.

2. செலவு

இருப்பதிலேயே மலிவான நோட்டு போதும். தோல் அட்டை போட்ட அழகான நோட்டு ஒரு பொறி. கையெழுத்து கெட்டுவிடுமோ, அடித்தல் திருத்தல் வந்துவிடுமோ என்று அதன் முன்னால் நல்ல பிள்ளையாகிவிடுவோம். தேதி அச்சிட்ட டைரியும் வேண்டாம். விட்டுப்போன நாள்களின் வெற்றுப் பக்கங்கள் உங்களைக் குற்றவாளியாக்கும்.

ஏ5 அளவு, அதாவது 148 × 210 மில்லிமீட்டர், கைப்பையில் அடங்கும். கோடு போட்ட 200 பக்க நோட்டு வாங்கி, வலதுபக்கம் மட்டும் எழுதுங்கள். இடதுபக்கத்தைக் காலியாக விடுங்கள். அதற்கு ஏழாவது படியில் வேலை இருக்கிறது. நாளுக்கு ஒரு பக்கம் என்றால் 100 நாள், மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் கூட. அந்த அளவு சரியாக இருக்கும். எழுத பால்பாயின்ட் பேனா போதும். பல இங்க் பேனா, ஜெல் பேனா மைகள் தண்ணீரோ கண்ணீரோ பட்டால் கரைந்துவிடும்.

போனில் எழுதுவதா கையால் எழுதுவதா என்றால் நான் கையால் என்பேன். காரணம் ஒன்றுதான்: போனில் அழித்தது போயே போய்விடும். காகிதத்தில் அடித்த சொல் அடியில் இருக்கும். ஒற்றைக் கோடு மட்டும் போட்டு அடியுங்கள். நீங்கள் முதலில் எழுதி, பயந்து, மாற்றிய சொல்தான் பின்னால் மிகவும் பயன்படும்.

3. நேரம்

பத்து நிமிடம். அதற்கு மேல் திட்டமிடாதீர்கள். ஏ5 அளவில் ஒரு பக்கம் எழுத எனக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. எல்லா வேலையும் முடிந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தால் அந்த நேரம் வராது. தினமும் தவறாமல் செய்யும் ஒரு வேலையின் வாலில் கட்டிவிடுங்கள்: பல் தேய்த்ததும், வேலைக்குப் போய் உட்கார்ந்ததும், குழந்தை தூங்கியதும்.

ஒருநாள் விட்டுப்போனால் எல்லாம் போயிற்று என்று முதல் நோட்டை நான் மூடிவைத்தேன். அது தேவையே இல்லை. லண்டனில் 96 பேரை வைத்துச் செய்து 2010-இல் வெளியான ஆய்வில், ஒரு புதிய பழக்கம் தானாக வரும் நிலையை எட்ட 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகும் என்று தெரிந்தது. நடுமதிப்பு 66 நாள், அதாவது பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதைவிடக் கூடுதல். நடுவில் ஒருநாள் தவறியது பெரிய பாதிப்பு எதையும் ஏற்படுத்தவில்லை. எனவே விட்ட நாளுக்கு விளக்கம் எழுதாதீர்கள், ஈடுகட்டவும் முயலாதீர்கள். இன்றைய தேதியைப் போட்டு ஆரம்பியுங்கள். கைக்குழந்தை இருப்பவர்கள் மூன்று வரி எழுதினால் போதும்.

படுக்கையில் உட்கார்ந்து கனமான விஷயங்களை எழுதினால் தூக்கம் போய்விடும், அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இரவில்தான் முடியும் என்றால் கடைசி ஐந்து நிமிடம் நாளை செய்ய வேண்டியவற்றின் பட்டியலை எழுதி முடியுங்கள். 57 பேரைத் தூக்க ஆய்வகத்தில் வைத்துப் பார்த்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், படுக்கும் முன் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள்.

4. முதல் இரண்டு வாரம்: கருத்து வேண்டாம், காட்சி போதும்

“நான் யார்?” என்று முதல் பக்கத்தில் எழுதாதீர்கள். அந்தக் கேள்விக்கு வரும் பதில் எல்லாம் அடுத்தவர் ஏற்கெனவே உங்களைப் பற்றிச் சொன்னவையாகத்தான் இருக்கும்: பொறுமைசாலி, கோபக்காரி, பாவம், கெட்டிக்காரி.

பக்கத்தின் மேல்வரியில் நான்கு தகவல்: தேதி, எழுதும் நேரம், நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், மாதவிடாயின் எத்தனையாவது நாள் (இரத்தப்போக்கு தொடங்கிய நாள் 1). அதன் கீழே அன்று நடந்த ஒரே ஒரு காட்சி. யார் எங்கே நின்றார், என்ன சொன்னார், நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள். அடுத்து, “இன்று வாய் வரை வந்து நான் விழுங்கிய வாக்கியம் எது?” என்ற கேள்விக்குப் பதில். மிச்சம் இடம் இருந்தால் அந்த நேரத்தில் உடம்பில் எங்கே என்ன தெரிந்தது என்று எழுதுங்கள்: தொண்டை அடைத்ததா, தோள் இறுகியதா, வயிறு பிசைந்ததா. அவ்வளவுதான்.

பேச்சை அப்படியே பேசியது போலவே எழுதுங்கள். நமக்கு எழுத்துத் தமிழில் இறங்கியவுடன் மரியாதை வந்துவிடும். “எதுக்கு இப்ப மூஞ்சிய தூக்கி வெச்சிருக்க?” என்று ஒருவர் கேட்டதை “ஏன் வருத்தமாக இருக்கிறாய் என்று கேட்டார்” என்று எழுதினால், உங்களைக் குத்தியது எதுவோ அது போய்விடும்.

இன்னொரு பொறி, சமாதானம். “அவர் நல்லவர்தான், ஆனால்...” என்று ஆரம்பிக்கும் வாக்கியங்கள் என் இரண்டாவது நோட்டில் பக்கத்துக்கு ஒன்று இருக்கின்றன. யாரிடம் நியாயம் சொல்கிறோம்? நோட்டு தீர்ப்பு எழுதப்போவதில்லை.

மேல்வரியில் மாதவிடாய் நாளைக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் மட்டும் மனநிலை மிக மோசமாகக் குலையும் ஒரு கோளாறு உண்டு, பி.எம்.டி.டி. என்று மருத்துவர்கள் சொல்வார்கள். மனநல மருத்துவத்தில் பயன்படும் டி.எஸ்.எம்.-5 கையேடு, அதை உறுதிசெய்யக் குறைந்தது இரண்டு சுழற்சிகளின் அன்றாடப் பதிவைக் கேட்கிறது. நினைவிலிருந்து சொன்னால் போதாது. உங்கள் நோட்டிலிருந்து மாதவிடாய் நாளையும் அன்றைய மனநிலையையும் மட்டும் தனியே எழுதி எடுத்துப்போனால் மருத்துவரிடம் ஒரு மாதமாவது மிச்சமாகும். மாதவிடாய் நிற்கும் வயதில் இருப்பவர்கள் உடல் திடீரென்று கொதிப்பதையும் தூக்கம் கலைவதையும் குறித்துவையுங்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு: “உனக்கு அந்த நாள் வந்தாலே இப்படித்தான்” என்று யாராவது சொல்லும்போது, அதே குறை 6-ஆம் நாளிலும் 14-ஆம் நாளிலும் 25-ஆம் நாளிலும் எழுதப்பட்டிருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

5. பழைய காகிதங்களை வெளியே எடுங்கள்

மூன்றாவது வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கி உங்கள் சொந்த ஆவணங்களைச் சேகரியுங்கள். மதிப்பெண் சான்றிதழ்கள், வேலைக்குச் சேர்ந்த கடிதம், விலகிய கடிதம், மருத்துவமனைக் கோப்பு, வங்கிப் புத்தகம், பின்பக்கம் தேதி எழுதிய புகைப்படங்கள், வந்த கடிதங்கள். அசலை நோட்டில் ஒட்டாதீர்கள். போட்டோ எடுத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே வையுங்கள். ரசீதுகள் பெரும்பாலும் வெப்பத்தாளில் அச்சடித்தவை, மங்கிவிடும். அவற்றை முதலில் படம் எடுங்கள்.

பிறகு நோட்டின் கடைசிப் பக்கங்களில் நெடுக்கே கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரியுங்கள். வருடம், என்ன நடந்தது, முடிவு யாருடையது. மூன்றாவது பத்திதான் கஷ்டம். “வேலையை நானாகத்தான் விட்டேன்” என்று பல வருடம் எல்லோரிடமும் சொல்லிவந்தேன், நம்பியும் இருந்தேன். விலகல் கடிதத்தின் தேதியைப் பார்த்தேன். குடும்பத்தில் இன்னொருவருக்கு இடமாற்ற உத்தரவு வந்து பதினொன்றாவது நாள். யாரும் என்னை விடச் சொல்லவில்லை என்பது உண்மைதான். விடவேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை, என்னிடம் கேட்கவும் இல்லை. அந்த வரிசையில் யாருடைய முடிவு என்ற இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

6. வலிக்கும் விஷயத்தை எழுதும்போது

ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் முக்கியமானது. கல்லூரி மாணவர்கள் நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து 4 நாள், தங்களை மிகவும் பாதித்த நிகழ்வை எழுதினார்கள். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் உடல்நல மையத்துக்குக் குறைவாகப் போனார்கள். எழுதி முடித்த உடனே மட்டும் அவர்களின் மனநிலை மோசமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு நடந்த ஏராளமான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் சராசரிப் பலன் சிறியது. மருந்து என்று நினைக்க வேண்டாம், கருவி என்று நினையுங்கள்.

நான் பின்பற்றுவது: அலாரம் வைத்து 15 நிமிடம், நான்கு நாள், அதோடு நிறுத்தம். முடித்ததும் கைக்கு வேலை கொடுக்கும் ஏதாவது ஒன்று. துணி மடிப்பது, நடப்பது. எழுதும்போதே தாங்கமுடியவில்லை என்றால் பேனாவை வைத்துவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விடலாம், அதில் தோல்வி எதுவும் இல்லை.

புண் ஆறாதபோது கிளறாதீர்கள். அண்மையில் துணையைப் பிரிந்தவர்களிடம் செய்து 2013-இல் வெளியான ஆய்வில், ஏற்கெனவே அதையே நினைத்துக் குமைந்துகொண்டிருந்தவர்களுக்கு உணர்ச்சிகளை எழுதியது ஆறுதலைத் தாமதப்படுத்தியது. சும்மா அன்றாட நடப்பை எழுதியவர்கள் அவர்களைவிட நன்றாக இருந்தார்கள். என் மூன்றாவது நோட்டுக்கு என்ன ஆயிற்று என்று அதைப் படித்தபோதுதான் புரிந்தது. ஒரே நினைப்பைத் திரும்பத் திரும்ப மெல்லும் பழக்கம் ஆண்களைவிடப் பெண்களிடம் ஓரளவு கூடுதல் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நமக்கு இந்த எச்சரிக்கை அதனால் இன்னும் அவசியம்.

கண்டுபிடிப்பது எப்படி? மூன்றாம் நாளும் அதே வாக்கியம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் “ஏன் எனக்கு மட்டும்” என்பதை விட்டுவிட்டு “அன்று மாலை என்ன நடந்தது” என்று மாற்றுங்கள். அல்லது “நான்” என்பதை எடுத்துவிட்டு “அவள்” என்று எழுதிப் பாருங்கள். “அவள் கதவருகே நின்றாள்.” இந்த ஒரு மாற்றத்தில் எனக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. இரண்டு வாரமாகத் தூக்கமே சரியில்லை, வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் நோட்டை நம்பியிருக்காதீர்கள். மருத்துவரிடம் போங்கள், இன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

7. திரும்பப் படிப்பது

இந்தப் படியைத்தான் நான் நான்கு நோட்டிலும் செய்யவில்லை. எழுதினால் தெளிவு வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். எழுதும்போது வருவது இறக்கிவைத்த சுகம் மட்டும். உங்களைப் பற்றிய சேதி படிக்கும்போதுதான் வரும்.

முதல் ஆறு வாரம் பின்னோக்கிப் புரட்டவே வேண்டாம். பிறகு ஒருநாள் யாரும் இல்லாத இரண்டு மணி நேரம், வேறு நிறத்தில் ஒரு பேனா. யாரோ ஒரு பெண் எழுதியது என்று எண்ணிப் படியுங்கள். தோன்றுவதைக் காலியாக விட்ட இடதுபக்கத்தில் எழுதுங்கள்.

என்ன நடந்தது என்பதைவிட வினைச்சொற்களைப் பாருங்கள். நம் மொழி இதற்கு அருமையாக உதவுகிறது. “கொடு” என்று முடியும் செயல்கள் அடுத்தவருக்கானவை: செய்துகொடுத்தேன், எழுதிக்கொடுத்தேன், தேடிக்கொடுத்தேன். “கொள்” என்று முடிபவை பெரும்பாலும் தனக்கானவை: கற்றுக்கொண்டேன், வாங்கிக்கொண்டேன், படுத்துக்கொண்டேன். இரண்டையும் எண்ணுங்கள். “எழுதிக்கொண்டிருந்தேன்” போன்றவற்றை விட்டுவிடலாம், அது வெறும் காலக்குறிப்பு. “பார்த்துக்கொண்டேன்” என்பதிலும் எச்சரிக்கை. நோயாளியைப் பார்த்துக்கொண்டால் அது கொடுத்தல் கணக்குதான்.

என் ஐந்தாவது நோட்டின் முதல் 43 பக்கங்களில் கொடுத்தேன் 61 முறை இருந்தது. கொண்டேன் 9. அந்த ஒன்பதிலும் ஐந்து, பொறுத்துக்கொண்டேன், அடக்கிக்கொண்டேன். எனக்கென்று நான் எடுத்துக்கொண்டதே பொறுமைதான் என்று அன்று தெரிந்தது. விடுவதும் கொடுப்பதும் ஒன்றாக நிற்கும் “விட்டுக்கொடுத்தேன்” என்பதன் அருகே ஒரு நட்சத்திரம் போடுங்கள். எதை விட்டீர்கள் என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

அடுத்து “வேண்டியிருந்தது”, “வேண்டும்”. போகவேண்டியிருந்தது, சிரிக்கவேண்டியிருந்தது, ஒத்துக்கொள்ளவேண்டியிருந்தது. யார் வேண்டியது? ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு பெயர் எழுதுங்கள். சிலவற்றில் யார் பெயரும் வராது, நீங்களே உங்களுக்குப் போட்ட உத்தரவு என்று தெரியும். எனக்கு அவை பாதிக்கு மேல்.

“நான்” எங்கே காணாமல் போகிறது என்றும் பாருங்கள். தமிழில் நான் இல்லாமலே வாக்கியம் நிற்கும், அதனால் கவனிக்காமல் விட்டுவிடுவோம். “கோபப்பட்டேன்” என்று எழுதாமல் “கோபம் வந்தது” என்கிறோம், ஏதோ விருந்தாளி வந்தது போல. “எனக்கு வேண்டாம்” என்பதை “எங்களுக்கு வேண்டாம்” என்று எழுதியிருப்போம். அவற்றை அடிக்கோடிட்டு நான் சேர்த்துப் படித்துப் பாருங்கள். சில வாக்கியங்கள் அப்படியே நிற்கும். சில படிக்கவே கூசும், அங்கேதான் ஏதோ இருக்கிறது.

விழுங்கிய வாக்கியங்களை எல்லாம் ஒரே பக்கத்தில் வரிசையாக எழுதுங்கள். எந்த வாக்கியம் யாரிடம் சொல்லாமல் போனது என்று பார்த்தால் போதும், விளக்கமே வேண்டியதில்லை. கடைசியாக, எது இல்லை என்று தேடுங்கள். ஆறு வாரத்தில் ஒரு தோழியின் பெயர்கூட வரவில்லையா? சிரித்த காட்சி ஒன்றும் இல்லையா? எழுதாமல் விட்டதற்கும் காரணம் உண்டு.

இதற்குப் பிறகு ஒரு பக்கம் எழுதலாம்: எனக்குப் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது, எனக்கு இன்னும் தெரியவில்லை. ஒரு நிபந்தனை. ஒவ்வொரு வரிக்கும் எதிரில் நோட்டிலிருந்து மூன்று தேதிகளாவது சாட்சியாக இருக்க வேண்டும். சாட்சி இல்லாத வரி பெரும்பாலும் யாரோ உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது.

8. கண்டதில் ஒன்றை மட்டும் செய்து பாருங்கள்

ஒரே ஒன்று, இரண்டு வாரம். என் பட்டியலில் 19 முறை இருந்த வாக்கியம் “இன்று முடியாது”. அதை வாரத்துக்கு ஒருமுறை வெளியே சொல்வது என்று வைத்துக்கொண்டேன். முதல் முறை குரல் நடுங்கியது. கேட்டவர் “சரி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எல்லோரும் அப்படிப் போகவில்லை, இரண்டு பேர் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதையும் நோட்டில் எழுதினேன்.

பிரிவது, வேலையை விடுவது, ஊர் மாறுவது போன்ற பெரிய முடிவுகளை ஒரு நோட்டை வைத்து எடுக்காதீர்கள். இரண்டாவது நோட்டிலும் அதே செய்தி வருகிறதா என்று பாருங்கள். உயிருக்கு ஆபத்து உள்ள இடம் என்றால் மட்டும் காத்திருக்கக்கூடாது. அப்புறம், எவ்வளவு நெருங்கியவரானாலும் நோட்டை எடுத்துக் காட்டாதீர்கள். அதில் கண்டதை வாயால் சொல்லுங்கள். ஒருவருக்குக் காட்டினால் அடுத்த பக்கத்தை நீங்கள் அவருக்காக எழுத ஆரம்பித்துவிடுவீர்கள்.

9. நிரம்பிய நோட்டை என்ன செய்வது

அட்டையில் தொடங்கிய தேதியும் முடிந்த தேதியும் மட்டும் போதும். உங்களுக்கு ஏதாவது ஆனால் இதை யார் எடுக்கவேண்டும், படிக்கலாமா, அழிக்கவேண்டுமா என்று முதல் பக்கத்தில் இரண்டு வரி எழுதி, நம்பும் ஒருவரிடம் அப்படி ஒரு நோட்டு இருப்பதை மட்டும் சொல்லிவையுங்கள். வைத்திருக்க மனமில்லை என்றால் ஏழாவது படி முடிந்த பிறகு அழியுங்கள். கிழிப்பதானால் எழுத்து ஓடும் திசைக்குக் குறுக்கே கிழியுங்கள். போனில் அழிப்பவர்கள் “சமீபத்தில் நீக்கியவை” என்ற இடத்தையும் பேக்கப்பையும் காலி செய்யுங்கள், பல செயலிகளில் நீக்கிய குறிப்பு 30 நாள் வரை அங்கேயே கிடக்கும்.

அடுத்த நோட்டின் முதல் பக்கத்தில் பழைய நோட்டிலிருந்து ஒரு கேள்வியை எடுத்து எழுதி ஆரம்பியுங்கள். என் ஆறாவது நோட்டின் முதல் வரி: “இருநூறு பக்கத்தில் பணத்தைப் பற்றி ஏன் ஒரு வரிகூட இல்லை?”